மெடெர் கடித்த ரொட்டி

எங்கள் வாசலில் வேன் வந்து நின்றால் வீட்டுக்குள் ஒருவரையும் காண முடியாது. ஒருத்தி மேஜைக்கு அடியில், ஒருவன் அடுப்புக்குப் பின்னால், இன்னொருத்தி போர்வைக்குள். மெடெர் மட்டும் ஒளிய மாட்டான். முப்பது வயது ஆள், நல்ல உயரம். கூடத்தின் நடுவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வான், தான் பார்க்காவிட்டால் தன்னையும் யாரும் பார்க்க முடியாது என்பதுபோல. வந்தது நிலக்கரி வண்டியாக இருந்தாலும் இதே கதைதான்.

இவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சிரித்துவிட்டேன். புருல்கன் அக்கா என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

“சிரிக்காத தாமிரா. இந்த மாதிரி வண்டியிலதான் சின்ன வயசுல இவங்களை ஏத்திட்டுப் போனாங்க. திரும்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஒருத்தனும் வண்டி கொண்டு வரல.”

சொல்லும்போது அவள் கண்ணும் ஜன்னல் வழியாக வாசலில்தான் இருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய விடுதி இருக்கிறது. வளர்ச்சிக் குறைபாட்டோடு பிறந்தவர்களைக் குடும்பங்கள் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும் இடம். புருல்கன் தன் இளமையை அங்கே தரை துடைத்தும் விரிப்பு மாற்றியும் கழித்தவள். கணவன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. விடுதியைப் பற்றி அவள் அதிகம் பேச மாட்டாள். அங்கே கதவுகளுக்கு உட்பக்கம் கைப்பிடி கிடையாது என்பதை மட்டும் எப்போதாவது சொல்வாள். அந்த விடுதியிலிருந்து நான்கு பேரைக் கூட்டிவந்து, இங்கே ஏரிக்கரை ஊரில் ஒரு சாதாரண வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தபோது, அவளும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள். இங்கே கதவுகளுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. அதுவே பிறகு அவளுக்குப் புதுப் பயமாகிவிட்டது.

போன குளிர்காலத்தில் மெடெர் ஒருநாள் தானாகக் கதவைத் திறந்துகொண்டு ஏரிப் பக்கம் நடந்துவிட்டான். யாரோ லாரிக்காரர் பார்த்துக் கொண்டுவந்து விட்டார். இந்த மாதிரி வீடுகளுக்கெல்லாம் மேற்பார்வையாளர் ஷைர்குல். கெட்டவள் இல்லை, ஆனால் அவளுக்கு மேலேயும் ஆட்கள் உண்டு.

“அக்கா, இன்னொரு தடவை இவன் காணாமப் போனா என் கையில ஒண்ணுமில்ல,” என்றாள். “மெடெர் திரும்ப அங்கதான்.”

மறுநாளே புருல்கன் சந்தைக்குப் போய் ஆட்டு மணி ஒன்று வாங்கிவந்து வாசல் கேட்டில் கட்டினாள். காற்றில் அது அசைந்தாலே கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

இந்த வருடம் முதல் பனி விழப்போகிற சமயத்தில் மெடெருக்குக் கடைவாய்ப் பல் வீங்கிக்கொண்டது. நகரத்துக்குக் கூட்டிப்போய்த்தான் ஆக வேண்டும். வேன் ஓட்டும் தலாயை வரச் சொன்னோம். வேன் வந்ததும் மெடெர் வழக்கம்போலச் சுவரைப் பார்த்து நின்றான். புருல்கன் அவன் முதுகைத் தடவிக்கொண்டே கோட்டை மாட்டிவிட்டாள்.

“பல்லுக்காரன்கிட்ட போறோம். நானும் வர்றேன். சாயங்காலம் திரும்பிடலாம், என்ன?”

தலாய் வாசலிலிருந்து கத்தினான். “என்ன மாப்பிள்ளை, இன்னுமா சிங்காரம் முடியல? பொண்ணு வீட்டுக்காரங்க காத்திருக்காங்க!”

மெடெர் லேசாகச் சிரித்தான். வாசல்வரை வந்தும் விட்டான். காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றோடு ஒருவரைப் படி தாண்ட விடுவது இந்த ஊரில் எந்த வீட்டிலும் நடக்காது. புருல்கன் மேஜையிலிருந்த வட்ட ரொட்டியை எடுத்து அவன் வாயருகே நீட்டினாள்.

“ஒரு வாய் கடிச்சிட்டுப் போடா கண்ணு. மீதியை எடுத்து வைக்கிறேன். வந்து சாப்பிடு.”

பட்டாளத்துக்குப் போகும் பிள்ளைக்கு அம்மா செய்வது இது. கடித்த ரொட்டி அவன் திரும்பும்வரை சுவரில் தொங்கும். மெடெரையும் வீட்டுப் பிள்ளையாக நினைத்துத்தான் அவள் நீட்டினாள். அவன் நல்ல பல் பக்கமாக ஓரத்தைக் கடித்தான். கடித்ததை மெல்லவில்லை. அவள் மீதி ரொட்டியைத் துணியில் சுற்றி அலமாரி மேல் வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பல் வலி என்று நினைத்துக்கொண்டேன்.

புருல்கன் பூட்ஸ் மாட்டக் குனிந்தாள். நான் அவளுடைய கம்பளிச் சால்வையை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது மெடெர் இல்லை. மணி அடிக்கவே இல்லை. பின்கதவு திறந்திருந்தது. நிலக்கரிக் கொட்டகைக்குப் பின்னால் வேலியில் ஒரு பலகை பெயர்ந்து கிடந்தது.

தலாய் வேனில் ஏரிச் சாலைக்குப் பறந்தான். எங்கள் ஏரி எந்தக் குளிரிலும் உறைவதில்லை; கால் வைத்தால் தண்ணீர்தான். அன்றைக்கு அதைவிடப் பெரிய பயம் எங்களுக்கு வேறில்லை. நானும் புருல்கனும் வாய்க்கால் ஓரமாக ஓடினோம். அவள் கூப்பிடக் கூடப் பயந்தாள். சத்தம் போட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த வீட்டு ஷாதி வேலிமேல் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன, மறுபடியும் ஒண்ணு ஓடிப்போச்சா? ஆடு மாடுன்னாகூட ஒரு கயிறு போட்டு வைப்பாங்க.”

“உங்களுக்குப் போட்டா நாங்க நிம்மதியா இருப்போம்,” என்று சொல்லிவிட்டு அவள் நிற்காமல் போனாள்.

வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. தலாய் வெறும் வண்டியோடு திரும்பினான். பனி பொடிப்பொடியாக விழத் தொடங்கியது.

“அக்கா, ஷைர்குலுக்குச் சொல்லிடலாம். போலீஸ்காரங்க வந்து தேடுவாங்க,” என்றேன்.

“சொன்னா அவனை அங்க அனுப்பிடுவாங்க.”

“சொல்லலேன்னா விறைச்சுப் போயிடுவான்.”

அவள் வீட்டுக்குள் போனாள். எட்டி அலமாரி மேல் கை வைத்துத் துழாவினாள். ரொட்டி இல்லை. துணியும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தான் விரட்டினேன், தாமிரா.”

மெடெரின் அம்மா ஒரே ஒரு தடவை விடுதிக்கு வந்தாளாம். இவளிடம் அழுதுகொண்டே சொன்னாளாம், “வேன்ல ஏத்துறப்போ அவன் கடிச்ச ரொட்டி இன்னும் எங்க சுவத்துலதான் தொங்குது.” அதற்குப் பிறகு வரவில்லை. மெடெர் ரொட்டியைக் கையால் கிள்ளிக் கிள்ளித்தான் தின்பான், வாய் வைத்துக் கடிக்கவே மாட்டான். எல்லோரும் அதை அவனுடைய வழக்கம் என்று விட்டுவிட்டோம்.

“எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நீட்டினேன். அவனும் நான் சொன்னேங்கிறதுக்காகக் கடிச்சான்.”

பிறகு எழுந்து, போனை எடுத்து, அவளே ஷைர்குலைக் கூப்பிட்டாள். “மெடெர் காணோம். மத்தியானத்திலேர்ந்து. தப்பு என்னுது. ஆள் அனுப்பு, அப்புறம் என்ன வேணா செய்.” வைத்தபின் அவள் கையிலிருந்து போனை நான்தான் வாங்க வேண்டியிருந்தது. விரல்கள் திறக்கவில்லை.

ஷைர்குலின் கார் வருமுன் ஷாதியின் குரல் கேட்டது. “ஏய் பொம்பளைங்களா! உங்க ஆள் என் வைக்கோல்ல படுத்திருக்கான்! நாய் கிட்டயே போக மாட்டேங்குது, நின்னு ஊளையிடுது!”

வைக்கோலுக்குள் மெடெர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு நீலம். கன்னம் வீங்கி, வாயோரம் ரத்தம் காய்ந்திருந்தது. மடியில் துணி விரிந்திருந்தது. அந்தப் பல்லை வைத்துக்கொண்டு முழு ரொட்டியையும் தின்றிருந்தான். கையில் கடைசித் துண்டு. எங்களைப் பார்த்ததும் அவசரமாக அதையும் வாய்க்குள் திணித்து, கண்ணில் நீர் வர விழுங்கினான். துணியை உதறிக் காட்டினான்.

“இல்ல,” என்றான். “ரொட்டி இல்ல. மெடெர் போகல.”

புருல்கன் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. தன் சால்வையை அவன் மேல் போட்டு, பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்தாள். “ஆமாம், இல்ல. போகல,” என்றாள்.

வெளியே கார் நின்றது. அவன் அவள் முழங்கையைப் பிடித்த பிடியில் மறுநாள்வரை விரல் தடம் இருந்தது.

ஷைர்குல் எல்லாவற்றையும் கேட்டாள். வெகுநேரம் தன் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றாள். “நீயா கூப்பிட்டதால மேலிடத்துல பேச எனக்கு ஒரு வாய் இருக்கு, அக்கா. வெளியிலேர்ந்து எனக்குத் தெரிஞ்சிருந்தா இன்னிக்கே வேன் வந்திருக்கும். வசந்தகாலம்வரைக்கும் இங்க இருக்கட்டும். அப்புறம் பார்க்கணும். நான் சத்தியம் பண்ண முடியாது.”

“வேண்டாம். சத்தியம் யாரும் பண்ண வேண்டாம்,” என்றாள் புருல்கன்.

வீக்கம் கொஞ்சம் வடிந்தபின் பல்லுக்காரரிடம் போனார்கள். வேன் இல்லாமல் சாலைவரை நடந்துபோய்ப் பஸ் பிடித்தார்கள். கிளம்பும்போது ரொட்டியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மெடெர் தானாக மேஜைக்கு வந்து ஒரு முழு ரொட்டியை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டான். பல்லைப் பிடுங்கும்போதும் அதை இறுக்கிக்கொண்டே படுத்திருந்தானாம். சாயங்காலம் வந்து, விள்ளாத அந்த ரொட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தான். கல்லாக இறுகியிருந்தது. தேநீரில் ஊறவைத்து எல்லோரும் தின்றோம்.

வசந்தகாலம் இன்னும் வரவில்லை. ஷாதி வேலிப் பலகையை அவரே ஆணி அடித்துவிட்டார், முணுமுணுத்துக்கொண்டே. ஆட்டு மணி கேட்டில்தான் இருக்கிறது. அது அசையும்போதெல்லாம் புருல்கன் எழுந்து ஜன்னலுக்குப் போகிறாள். இப்போது நானும் போகிறேன்.