என் வீட்டு இன்ஜினியரும் ஊதாத ஹீட்டரும்

என் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் 'இன்ஜினியர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்கு அல்ல, கிண்டலுக்கு. லாரி கம்பெனி ஸ்டோரில் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கும் குமாஸ்தா அவர். பொருளின் பெயர் தெரிந்ததாலேயே அதைப் பழுது பார்க்கவும் தெரியும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புக்கு இருபது வருடமாக வீட்டுச் சாமான்கள்தான் பலி. அவர் கை வைத்த ஃபேன் சுற்றினால் கத்தும். அவர் மாட்டிய குழாயைத் திறக்க இடுக்கி வேண்டும். வேலை முடிந்ததும் இரண்டு ஸ்குரூ மிச்சம் கிடக்கும். "இதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா போடறது" என்பார்.

நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். மனுஷன் மக்கு, ஆனால் சூதுவாது தெரியாதவர் என்று என் அக்காவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

மழையும் குளிரும் சேர்ந்து அடித்த வாரத்தில் காரின் ஹீட்டர் நின்றது. சுவிட்சைத் திருப்பினால் காற்றே வராது; ஐந்து நிமிடத்தில் முன்கண்ணாடி வெள்ளையாகிவிடும். எனக்கோ வியாழக்கிழமை டிரைவிங் டெஸ்ட். சொந்தக் காரில்தான் வர வேண்டும், கண்ணாடி தெளிவாக இல்லாவிட்டால் அதிகாரி வண்டியில் ஏறவே மாட்டார். வெள்ளிக்கிழமைக்குள் லைசென்ஸைக் காட்டினால், ரத்தப் பரிசோதனை லேபில் வேன் ஓட்டும் வேலை எனக்கு. காட்டாவிட்டால் அடுத்து நிற்பவளுக்கு. பதினோரு வருடம் தையல் கம்பெனியில் குனிந்து காலர் தைத்து என் கழுத்தே போய்விட்டது. எனக்கு அந்த வேலை வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் காருக்குள் தலைகீழாகப் படுத்தார். கால் இரண்டும் சீட்டின் மேல், தலை டாஷ்போர்டுக்கு அடியில், வாயில் டார்ச். பார்க்கச் சகிக்கவில்லை. ஸ்குரூடிரைவர் பிடியால் மோட்டாரை நாலு தட்டுத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

"மோட்டார் போயிடுச்சு. புதுசு வர மூணு வாரம் ஆகும்."

"எப்படிச் சொல்றீங்க?"

"சத்தமே இல்லையே, வேற என்ன? டெஸ்ட்டைத் தள்ளிப் போடு. அது எங்க ஓடிடப் போகுது?"

டெஸ்ட் ஓடாது, வேலை ஓடிவிடும் என்றேன். காதில் வாங்காமல் கை கழுவப் போய்விட்டார்.

எங்கள் தையல் கம்பெனியில் மெஷின் பழுது பார்ப்பவரிடம் கேட்டேன். அளந்து பேசுகிற ஆள். "மோட்டாரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அதுக்குக் கரண்ட் வருதான்னு பாருங்க அக்கா. வந்தும் ஓடலைன்னாதான் மோட்டார். வரலைன்னா ஃபியூஸைப் பாருங்க, அப்புறம் ரிலே." ரிலே என்பது தீப்பெட்டியில் பாதி அளவுள்ள கறுப்புப் பெட்டி, சுவிட்சைப் போட்டதும் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுவது அதுதான் என்று விளக்கினார். கரண்ட் இருந்தால் எரிகிற, ஒயர் வைத்த சின்ன விளக்கு ஒன்றும் கொடுத்தார்.

புதன்கிழமை மாலை, வீட்டுக்காரர் கடைக்குப் போய் வருவதற்குள் நான் காருக்குள் படுத்தேன். சாவியைத் திருப்பி, ஹீட்டர் சுவிட்சைப் போட்டு, மோட்டாருக்குப் போகும் ஒயரில் விளக்கை வைத்தேன். எரியவில்லை. ஆக, மோட்டார் மேல் பாவம் ஒரு குற்றமும் இல்லை. நல்ல இன்ஜினியர் வாய்த்தார் எனக்கு. ஃபியூஸ் முழுசாக இருந்தது. அதன் பக்கத்தில் ரிலேக்கள் வரிசையாக இருந்தன. மூடியில் போட்டிருந்த படத்தின்படி ஹீட்டருடைய இடம் மட்டும் காலி. கழற்றி எங்கேயோ தொலைத்திருக்கிறார் என்று தலையில் அடித்துக்கொண்டேன். பனிமூட்டத்தில் போடுகிற விளக்கின் ரிலேயிலும் அதே எண்தான் இருந்தது. அதைப் பிடுங்கி இங்கே செருகினேன். காற்று குப்பென்று வந்தது. சொன்னால் ஒரு மணி நேரம் பாடம் நடத்துவார் என்று வாயே திறக்கவில்லை.

வியாழன் காலையிலும் மழை விடவில்லை. லைசென்ஸ் இல்லாதவள் தனியாக ஓட்டக்கூடாது என்பதால் அவரும் பக்கத்தில் ஏறினார்.

"கண்ணாடியைப் பாரு. அதிகாரி திருப்பி அனுப்பிடுவாரு. வீணா எதுக்கு அலையற?"

நான் வண்டியைக் கிளப்பி ஹீட்டரைப் போட்டேன். கண்ணாடி கீழிருந்து மெல்லத் தெளிந்தது. ஓடாத மோட்டார் ஓடுகிறதே என்று அவர் கேட்கவில்லை. அவர் கை நேராகத் தன் சட்டைப் பைக்குப் போய் எதையோ தொட்டுப் பார்த்தது.

நான் கையை நீட்டினேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தக் கறுப்புப் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது.

"டெஸ்ட் தேதி போனதும் மாட்டிடலாம்னுதான் வச்சிருந்தேன்" என்றார். "தினமும் நான்தானே உன்னைக் கொண்டு விடறேன். நீயே ஓட்டிட்டுப் போயிட்டா, அப்புறம் நான் எதுக்கு?"

சீ என்று ஆகிவிட்டது எனக்கு. இத்தனை நாளும் சட்டை மாற்றும்போதெல்லாம் மறக்காமல் அதையும் மாற்றி வைத்திருக்கிறார். ஒரு ஸ்குரூவை ஒழுங்காகத் திருப்பத் தெரியாதவருக்கு இதில் மட்டும் எவ்வளவு ஒழுங்கு. மக்கு என்று நினைத்துத்தான் இருபது வருடமும் இவரை மன்னித்தேன். மன்னிக்க வேறு காரணம் என்னிடம் எதுவும் இல்லை.

டெஸ்ட்டில் ஒரு தப்பும் இல்லாமல் ஓட்டி முடித்தேன். அதிகாரி கையெழுத்துப் போட்டு லைசென்ஸ் தாளை நீட்டினார். "இனிமே பக்கத்துல யாரும் உக்காரணும்னு இல்லம்மா. நீங்க தனியாவே ஓட்டலாம்."

டெஸ்ட் மைதானத்துக் கொட்டகையில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் மழையில் ஓடிவந்து கதவை இழுத்தார். உள்ளே பூட்டியிருந்தது. கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினேன்.

"லேபுக்குப் போய் இதைக் காட்டிட்டு வரேன்."

"அப்ப நான்?"

"பஸ் வரும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.