முந்திக் கிளம்பிய ரயில்

டெல்பர்ட் ருஸ்காவின் கட்டைவிரல் ஒரு தடவை பட்டால் கைபேசியில் நான்கு எழுத்துகள் விழும். அவற்றில் மூன்று தப்பாக இருக்கும். அப்படிப்பட்ட விரல். அந்த விரலுக்கேற்ற கை, அந்தக் கைக்கேற்ற ஆள். காற்று அடித்து மாடுகளெல்லாம் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த வருஷத்தில்கூட எங்கள் தெருவில் தொப்பி பறக்காமல் நடந்தவர் அவர் ஒருவர்தான்.

நெப்ராஸ்காவில் எங்கள் ஊர்க் கல்லூரியில் அவர் இருபத்திரண்டு வருஷம் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தார். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற எங்கள் ஊர்க் கால்பந்து. ஓடுகிறவனுக்கு முன்னால் மதில் மாதிரி நிற்கச் சில தடியன்கள் வேண்டும். அந்தத் தடியன்களைப் பள்ளிக்கூடங்களில் தேடிப் பிடித்துக் கல்லூரிக்குக் கொண்டுவருவதும் பழக்குவதும் டெல்பர்ட்டின் வேலை.

பிடிப்பதற்கு அவரிடம் ஒரே வழிதான் இருந்தது. பையன் வீட்டுக்குப் போவார், சமையலறையில் உட்காருவார், போட்டதைச் சாப்பிடுவார். அதிகம் பேசமாட்டார். ஒரே சாயங்காலத்தில் மூன்று வீடுகளில் ஏழு தட்டு சுட்ட மாட்டிறைச்சி சாப்பிட்டிருக்கிறார். எட்டு என்பது அவர் கணக்கு. நம்ப வேண்டுமே என்று நான் ஒன்றைக் குறைத்திருக்கிறேன். அம்மாக்களுக்கு அவரைப் பிடித்துப்போகும். இந்த மனுஷன் என் பிள்ளையைப் பட்டினி போடமாட்டான் என்று முடிவு செய்துவிடுவார்கள்.

அப்புறம் புதுத் தலைமைப் பயிற்சியாளர் வந்தார். ட்ரெண்ட் வாண்டர்ஹூஃப், வயது முப்பத்தொன்று. வந்த முதல் வாரமே எல்லாரையும் கூட்டி உட்காரவைத்தார்.

"இனிமே பசங்க சமையலறையில இல்ல, போன்ல இருக்காங்க. ஒவ்வொரு கோச்சும் ஒரு நாளைக்கு மூணு பதிவு போடணும். டெல்பர்ட், நீங்களும்தான்."

"என்னத்தப் போடுறது?"

"உங்க மனசுல என்ன இருக்கோ அதை."

"மனசுல ஒண்ணும் இல்லியே."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் உண்மையைத்தான் சொன்னார். நான்கு வருஷத்துக்கு முன்னால் மனைவி ஆர்லீன் இறந்துபோனதிலிருந்து அந்த வீட்டில் பேச்சு என்றால் ரேடியோவில் வரும் வானிலையும் சோள விலையும்தான். பிள்ளைகள் கிடையாது. மைதானத்துக் கட்டடத்தில் காலையில் யாராவது "என்ன கோச்?" என்பார்கள். அதை வைத்துத்தான் அவர் ஒரு நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அணியின் சமூக வலைத்தளப் பக்கங்களையெல்லாம் பார்த்துக்கொள்ள கெய்லின் என்று ஒரு பெண் இருந்தாள். அவள்தான் அவருக்குக் கணக்கு தொடங்கிக் கொடுத்தாள். முதல் மாதக் கடைசியில் அவரைப் பின்தொடர்ந்தவர்கள் பதினான்கு பேர். அதில் ஐந்து பேர் கூட வேலை செய்கிறவர்கள், ஒருவர் கூரை ஓடு விற்பவர்.

"கோச், அடையாளம் ஒண்ணு சொல்லுங்க," என்றாள் கெய்லின்.

இந்த அடையாள விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் சேருவதாகக் கையெழுத்துப் போடாத பையனின் பெயரைப் பயிற்சியாளர் வெளியில் சொல்லக் கூடாது, கல்லூரி விளையாட்டுச் சங்கத்து விதி. ஆனால் ஒரு பையன் "வர்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டால் ஊருக்குச் சொல்லாமல் எப்படி இருப்பது? அதற்காக ஒவ்வொருவரும் ஒரு படத்தை வைத்திருப்பார்கள். ட்ரெண்டுக்கு மின்னல். அவர் பக்கத்தில் மின்னல் விழுந்தால் முடிவெட்டும் கடையில் கத்தரி நின்றுவிடும். பாதித் தலையோடு எழுந்து யார் அந்தப் பையன் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். பெயர் சொல்லாவிட்டால் என்ன, பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்து அவனுக்கே வாழ்த்து அனுப்பிவிடுவார்கள்.

டெல்பர்ட் ரயில் இன்ஜினைத் தேர்ந்தெடுத்தார். இலையுதிர் காலம் முழுக்க அது ஒரு தடவைகூட வரவில்லை. அவர் பார்த்துவைத்த இரண்டு பையன்களும் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள். ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா?

"என்ன டெல்பர்ட், உங்க ரயில் பனியில மாட்டிக்கிச்சா?"

"டிக்கெட் எடுத்தவன் ஒருத்தனாவது இருக்கானா?"

டிசம்பரில் ட்ரெண்ட் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "இந்தக் குளிர்காலத்துல ஒரு நல்ல தடுப்பாட்டக்காரனாவது வரணும். இல்லேன்னா பிப்ரவரியோட உங்க ஒப்பந்தத்தை என்னால நீட்டிக்க முடியாது." டெல்பர்ட் தலையாட்டிவிட்டு வந்தார். சம்பளம் போனால் சமாளித்துவிடுவார். காலையில் எங்கே போவது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

ஆனால் அவர் கையில் ஒருவன் இருந்தான். ராய்ஸ் ஓல்டென், நூற்று நாற்பது மைல் தள்ளி மணல்மேட்டுப் பக்கத்து மாட்டுப்பண்ணைப் பையன். ஒரு கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலி தாண்டுவான். தாய்ப்பசுவையே தூக்கிக்கொண்டு தாண்டினான் என்றும் கேள்வி. அம்மா இல்லை, அவனும் அப்பா டுவெய்னும் மட்டும். அடுத்த வீடு இருபது மைல்.

பொதுப் பக்கத்தில் என்ன போடுவது என்று விழித்த டெல்பர்ட், அதே கணக்கிலிருந்து ராய்ஸுக்குத் தினமும் தனிச்செய்தி எழுதினார். தண்டவாளத்தில் என்ன சரக்கு போனது, பாதிரியார் எந்த இடத்தில் தூங்கி வழிந்தார், இப்படி. முதலில் "சரி" என்று மட்டும் பதில் வரும். நவம்பரில் ஒரு நாள் எட்டு வரி வந்தது: வயதான குதிரையை அன்று காலையில் புதைத்ததாகவும், அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றும். டெல்பர்ட் பதில் எழுத ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து சாப்பிடும்போது கைபேசியை உப்பு ஜாடியில் சாய்த்து எதிரில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

பிப்ரவரி முதல் புதன்கிழமை கையெழுத்து நாள். அவன் பள்ளி அரங்கில், அவனைக் கூப்பிட்ட மூன்று கல்லூரிகளின் தொப்பிகள் மேசையில் இருக்கும். ராய்ஸ் ஒன்றை எடுத்துத் தலையில் வைப்பான். எதை என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. டெல்பர்ட்டும் கேட்கவில்லை. ஆனால் ஒன்று செய்தார். அந்தப் புதன்கிழமைக்கான பதிவை முன்னாலேயே எழுதிவைத்தார். ஒரு ரயில் இன்ஜின், கீழே ஒரு வரி: "காத்திருந்தது வீண் போகல." கெய்லின்தான், எழுதியதை வெளியிடாமல் வரைவாக எடுத்துவைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள். தினமும் சாயங்காலம் அதை வெளியே எடுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைப்பார். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுப் போர்வையை விலக்கிப் பார்க்கிற மாதிரி.

கையெழுத்து நாளுக்கு ஐந்து நாள் முன்னால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அப்படிப் பார்த்துவிட்டு, சர்ச்சில் பொதுச் சாப்பாடு இருந்ததால் அவசரமாகக் கையுறையை மாட்டிக்கொண்டே உள்ளே வைக்கிற பொத்தானை அழுத்தினார். அழுத்தியது பக்கத்துப் பொத்தான்.

அது தெரியாமல் சர்ச் கூடத்துக்குள் நுழைந்தார். மொத்தக் கூடமும் எழுந்து நின்றது.

"வந்துடுச்சு பாருய்யா ரயில்!"

"டெல்பர்ட், நடுவுல வந்து உட்காருங்க! இந்த மனுஷன் எவ்வளவு அழுத்தமா இருந்திருக்காரு பாரு!"

முதுகில் தட்டினார்கள். யாரோ சில்லி என்கிற காரமான இறைச்சிக் குழம்பைக் கிண்ணத்தில் கொண்டுவந்தார்கள், யாரோ அதன் பக்கத்தில் சின்னமன் ரோல் என்கிற பட்டை போட்ட பெரிய இனிப்பு ரொட்டியை வைத்தார்கள். என்ன நடந்தது என்று அவருக்குப் புரிய இரண்டு நிமிஷமாயிற்று. புரிந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான்கு வருஷமாக மூலை மேசையில் சாப்பிட்டவர் அன்றைக்கு நடு மேசையில் இருந்தார். இரண்டு பக்கமும் ஆள். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். இருபது நிமிஷம் அவர் சும்மா சிரித்துக்கொண்டு சாப்பிட்டார். அவர் செய்த தப்பு பொத்தான் அல்ல, அந்த இருபது நிமிஷம் என்பார் பிறகு.

கைபேசி அடித்தது. கெய்லின்.

"கோச், ராய்ஸ்தானே? உங்ககிட்ட வாக்குக் கொடுத்துட்டானா?"

"இல்ல."

"இல்லன்னா? நம்ம ஊர்ல முந்நூறு பேரு அவனுக்கு வாழ்த்து அனுப்பிட்டாங்க கோச்! அவங்க ஊர்த் தீவனக் கடை வரைக்கும் போயிடுச்சு!"

டெல்பர்ட் எழுந்தார். கூடம் தானாக அடங்கியது. "அது தப்பா போயிடுச்சு. யாரும் எதுவும் சொல்லல. நான்தான்..." நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கிண்ணத்தில் பாதி மிச்சம் இருந்தது.

காரில் உட்கார்ந்து, பதிவை அழித்துவிட்டு, அந்தக் கணக்கிலேயே ராய்ஸைக் கூப்பிட்டார்.

"தம்பி, நான்தான் அதை..."

"தெரியும் கோச். வரைவுதானே? எனக்கும் அந்த மாதிரி ஆயிருக்கு." பையனின் குரல் தணிவாக இருந்தது. "அப்பா தீவனக் கடைக்குப் போயிருந்தாரு. கடைக்காரர் கை குலுக்கியிருக்காரு. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எனக்குக் கடைசியாவான்னு கேட்டாரு. நான் யாருகிட்டயும் சொல்லலப்பான்னேன். நம்பல."

"நான் அவருகிட்ட பேசுறேன்."

"போன எடுக்கமாட்டாரு. அது டிரக்குலயே கிடக்கும்." "கோச், நான் உங்க தொப்பியத்தான் எடுக்கிறதா இருந்தேன். ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட முதல்ல சொல்லிட்டு. இப்ப அதை எடுத்தா, அவருகிட்ட நான் பொய் சொன்னதா ஆயிடும்ல?"

நேரில் போய் ஐந்து நிமிஷம் நின்றிருந்தால் சரியாகியிருக்கும். ஆனால் கையெழுத்து நாள் வரைக்கும் பயிற்சியாளர் எவரும் பையனையோ பெற்றோரையோ நேரில் பார்க்கக் கூடாத நாட்கள் அவை. பேசலாம், எழுதலாம், முகத்தைக் காட்டக் கூடாது. மீறினால் பையனுக்கும் சேர்ந்து தடை விழும். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் நான்கு நாளும் டுவெய்ன் ஓல்டெனுக்குப் போன் அடித்தார். எங்கேயோ ஒரு டிரக்குக்குள் அது அடித்து ஓய்ந்தது. திங்கட்கிழமை காரைக் கிளப்பி மேற்கே நாற்பது மைல் போய்விட்டு, ஒரு பெட்ரோல் பங்கில் காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

புதன்கிழமை கல்லூரி அறையில் பெரிய திரையில் எல்லாரும் பார்த்தார்கள். ராய்ஸ் எங்கள் கல்லூரித் தொப்பியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே வேறொன்றை எடுத்து வைத்தான். பின்னால் டுவெய்ன் கைகட்டி நின்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அறையில் டெல்பர்ட் மட்டும் கைதட்டினார். அவ்வளவு பெரிய கைகள். சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அதைக் கேட்க முடியாமல் கெய்லின் வெளியே போய்விட்டாள்.

மாதக் கடைசியில் மேசையைக் காலி செய்யும்போது அவள்தான் வந்து நின்றாள்.

"கோச், அந்தக் கணக்கு கல்லூரியோடது. கடவுச்சொல் வேணுமாம். தனிச்செய்தியெல்லாம் புது ஆளு பாக்க வேணாம்னு நான் அழிச்சிடட்டுமா?"

"ஒரு மணி நேரம் குடு."

முதல் "சரி"யிலிருந்து கடைசி வரைக்கும் படித்தார். குதிரையைப் புதைத்த அந்த எட்டு வரியில் நெடுநேரம் நின்றார். பிறகு கைபேசியை அவளிடம் நீட்டினார். "நீயே அழி. என் விரலு வேற எதையாவது அழுத்திடும்."

மார்ச் முதல் தேதி காலை அவர் யாருக்கும் பயிற்சியாளர் அல்ல. வேறு கல்லூரிக்குக் கையெழுத்துப் போட்ட பையன் வீட்டுக்குப் போகக் கூடாது என்கிற விதியும் இனி அவரைக் கட்டாது. ஐந்து மணிக்கே கிளம்பி நூற்று நாற்பது மைல் போனார். கன்று ஈனும் பருவம். கொட்டகை வாசலில் முழங்கை வரை ஈரமாக நின்றார் டுவெய்ன்.

"ராய்ஸ் பள்ளிக்கூடம் போயிட்டான்."

"நான் உங்களத்தான் பாக்க வந்தேன். டெல்பர்ட் ருஸ்கா."

"தெரியுது. என்ன வேணும்?"

"உங்க பையன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஒரு வார்த்தை சொல்லல. அது நானா ஆசையில எழுதிவச்சது. கை தவறி வெளிய போயிடுச்சு."

டுவெய்ன் துணியால் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக.

"ஆசையிலயா?"

"ஆமா."

"அப்ப அவன் சொன்னது நிஜமா?"

"நிஜம். முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு ஞாயித்துக்கிழமைக்காகக் காத்திருந்தான்."

காற்று கொட்டகைத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. டுவெய்ன் டிரக்குக்கு நடந்தார். கதவைத் திறந்து, கயிறுகளுக்கும் ஊசி மருந்துகளுக்கும் நடுவிலிருந்து கைபேசியை எடுத்தார். அதைத் தொடையில் தேய்த்துத் தூசி தட்டினார். மகன் பெயரைத் தேட ரொம்ப நேரம் ஆயிற்று. காதில் வைத்துக்கொண்டு, டெல்பர்ட்டுக்கு முதுகைக் காட்டியபடி வேலிப் பக்கம் நடந்தார். நடந்துகொண்டே பேசினார். ஓரிடத்தில் நின்று, ஒரு கையால் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

டெல்பர்ட்டுக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. காது கொடுக்கவும் முயலவில்லை. பேச்சு இப்போதைக்கு முடியாது என்று தெரிந்ததும், காருக்குள் ஏறிச் சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.