செலின்மேரி அக்காவின் பாவாடை நாடா

அறுவை சிகிச்சை வார்டில் கட்டு மாற்றும் நர்ஸுக்குப் புண்ணோடு சண்டை கிடையாது. புண்ணைச் சுற்றி நிற்கிறவர்களோடுதான் சண்டை. ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கனோடு காய்ந்து கிடந்தவர்களே, உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

வெறும் கட்டி

மடுகரையிலிருந்து வந்த செலின்மேரி அக்கா, நடவுக்குப் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போகிறவர். சேற்றில் புடவை நழுவக் கூடாதென்று பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுவார். காலமெல்லாம் ஒரே இடத்தில் அது அறுத்து, கறுத்து, ஆறாத புண்ணாகி, கடைசியில் தோல் புற்றாகிவிட்டது. புடவை கட்டும் பெண்களுக்கு அபூர்வமாக இப்படி வருவதுண்டு. காலத்தோடு வெட்டி எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

அதை அவரிடமே சொல்லக் கூடாதாம். "கட்டின்னு மட்டும் சொல்லுங்க சிஸ்டர்" என்று மகன் கெஞ்சினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் உடம்பு, யாருக்கு மறைப்பது? அவனும் அவன் மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டில் பக்கம் போனார்கள். அக்கா இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "வெறும் கட்டிக்கு இன்னாத்துக்குடா ரெண்டு பேரும் அழுவறீங்க?"

நைட்டி

ஆபரேஷனுக்கு முதல் நாள் எங்கள் இளம் டாக்டர் வந்தார். சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து எவ்வளவு எடுக்க வேண்டும், எப்படித் தைக்க வேண்டும் என்று அழகாக விளக்கினார். எல்லாம் மகனிடம். நோயாளி என்று ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தது அவர் கண்ணில் படவேயில்லை.

அக்காவே வாயைத் திறந்தார். நடவுக்கு எப்போது இறங்கலாம், நாடாவை எங்கே கட்டுவது என்று கேட்டார். ஒரு நடவு போகாவிட்டால் அவருடைய ஆட்களை வேறு யாராவது சேர்த்துக்கொள்வார்கள். அந்தக் கவலை அவருக்கு. டாக்டர் நிமிராமலே, "இனிமே நைட்டி போட்டுக்கங்கம்மா" என்றார். அக்காவுக்குக் கோபமில்லை, சந்தேகம்தான். "நைட்டியோட சேத்துல எறங்குனா எத்த தூக்கி எங்க சொருவறது டாக்டரு?"

தையல் கடை

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. டாக்டர் பின்னாலேயே ஓடினேன். அக்காவை நிற்க வைத்து நாடா விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, முடிந்தவரை தழும்பு அதில் படாமல் தைக்கலாமா என்று கேட்டேன். பெரிய வரம் ஒன்றும் கேட்டுவிடவில்லை. அவர் சிரித்தார். "சிஸ்டர், நாம கேன்சர் ஆபரேஷன் பண்றோமா, தையல் கடை வெச்சிருக்கோமா?"

போட்டோ

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. புற்று மிச்சமில்லாமல் வந்துவிட்டதாகப் பரிசோதனையும் சொன்னது. டாக்டரின் கையைக் குறை சொல்ல மாட்டேன். டிஸ்சார்ஜ் அன்று நடவு விஷயத்தை மறுபடி நினைவூட்டினேன். ரிவ்யூவில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

மூன்று மாதம் கழித்து அக்கா வந்தார். மருமகளின் நைட்டி, மேலே ஒரு துண்டு. டாக்டர் தழும்பைத் தடவிப் பார்த்துப் பூரித்துப்போனார். கோடு போட்ட மாதிரி ஆறியிருக்கிறதாம். ஜூனியர்களைக் கூப்பிட்டுக் காட்டினார், செல்போனில் படம் எடுத்தார், எடுத்த படத்தை அக்காவுக்கும் காட்டினார். சந்தோஷம்தானே என்று வேறு கேட்டார்.

"என் இடுப்ப யாரு பாக்கப் போறாங்க? எப்ப வயல்ல எறங்கலாம்னுதான கேட்டுகினே இருக்கேன். எங்க ஊருல நடவே முடிஞ்சிபோச்சி" என்றார் அக்கா. நைட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். ஆட்களை எதிர் வீட்டுக்காரி கூட்டிப்போய்விட்டாளாம்.

டாக்டர் இன்னும் படத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓ, அதுவா? பட்டையான நாடாவா பாத்து தழும்புக்குக் கீழ கட்டிக்கிட்டு போன மாசமே எறங்கியிருக்கலாமேம்மா."

புற்று எதுவரை பரவியிருக்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் சொல்லிவிடுகிற எங்களுக்கு, அது யாருடைய இடுப்பு என்று கேட்க மட்டும் இன்னும் வாய் வரவில்லை.