ரெயிலுக்கு ஒரு புத்தூர் கட்டு

போன வருஷம் ஆடி கழிந்த மறுவாரம் நடந்தது இது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஆந்திர எல்லை ஊரான நகரியில் எங்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்து, திருப்பதியில் ஒரு கல்லூரி கேட்டில் முடிந்தது. ஒன்றரை மணி நேரப் பயணம்தான். அதற்குள் நான் செய்த குற்றம், செய்யாத குற்றம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பயந்து முடித்துவிட்டேன்.

என் மகளுக்கு நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது. காத்திருப்போர் பட்டியலில் நத்தை மாதிரி நகர்ந்து நகர்ந்து, இனி வராது என்று அவள் அழுது ஓய்ந்த பிறகு வந்த சீட்டு. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும், ஒரு நிமிஷம் தாண்டினாலும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே ஹாஸ்டலிலும் சேர்க்க வேண்டும். மெத்தை, டிரங்குப் பெட்டி, பக்கெட் எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும்.

எங்களிடம் இருப்பது ஒரு பழைய சின்னக் கார். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தால் மெத்தைக்கு இடமில்லை. மெத்தை உட்கார்ந்தால் என் மனைவிக்கு இடமில்லை. புத்தியுள்ளவன் மெத்தையைத் திருப்பதியிலேயே வாங்கிக்கொள்வான். நான் காருக்கு ரெயில் மாட்டுவது என்று முடிவு செய்தேன்.

கார் கூரையின் இரண்டு ஓரத்திலும் நீளமாக இரண்டு குழாய்கள் பொருத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாமானை ஏற்றிக் கயிறு கட்டுவதற்கு. அதற்கு ரூஃப் ரெயில் என்று பெயர். திருப்பதியில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒரு கடையில், எங்கள் கார் மாடலிலேயே ஒரு ஜோடி கிடைத்தது. காகிதத்தில் சுற்றி, பாசஞ்சர் வண்டியில் நின்றுகொண்டே தூக்கி வந்தேன். ரெயிலை ரெயிலில் கொண்டுவந்தவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான்.

வாசலில் வைத்துக் காகிதத்தைப் பிரித்ததும் என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாது இது?"

"ரெயில்."

"ஓகோ. என்ஜினு பின்னால வந்துகினு கீதா?"

விசைத்தறிக் கூடத்தில் சூப்பர்வைசர் நான். முப்பது தறி ஒன்றாக ஓடும் இரைச்சலில், எந்தத் தறியில் இழை அறுந்தது என்று காதாலேயே கண்டுபிடித்துச் சொல்லுவேன். அப்படிப்பட்டவன் இரண்டு குழாயை மாட்ட மாட்டேனா?

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். கூரை ஓரத்தில் இருக்கும் கறுப்பு ரப்பர் பட்டையை இழுத்தால், அடியில் போல்ட்டு போடத் துளைகள் தயாராக இருக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இருந்தன. பக்கத்துக்கு நாலு போல்ட்டு. ஸ்டூலில் ஏறி நின்று மாட்டினேன். ஒரு போல்ட்டு கை நழுவி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சந்துக்குள் உருண்டு போனது. வேறொன்று தேடிப் போட்டேன். உருண்டு போனது இன்றைக்கும் வண்டிக்குள் எங்கேயோ குடியிருக்கிறது. வளைவில் திரும்பும்போது 'கிளிங்' என்று நலம் விசாரிக்கும்.

மாட்டி முடித்ததும் பலம் சரிபார்க்க வேண்டுமல்லவா? இரண்டு கையாலும் ரெயிலைப் பிடித்துக் காலைத் தூக்கித் தொங்கிப் பார்த்தேன். ரெயில் அசையவில்லை. ஸ்டூல்தான் சாய்ந்து விழுந்தது. என் மகள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். அது இப்போதும் அவள் போனில் இருக்கிறது. எனக்கு வேண்டாத நேரத்தில் எல்லாம் வந்து சேரும்.

என் மனைவி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "முன்னால ரெண்டு பக்கமும் ஓட்டயா கீதே? துணி வெச்சி அடைங்க. குளவி பூந்து கூடு கட்டிக்கும்."

பின்பக்க முனைகளில் பிளாஸ்டிக் மூடி இருந்தது. முன்பக்க முனைகளில் இல்லை. பழைய சாமான், எங்கேயோ தொலைந்திருக்க வேண்டும். அதை ஒப்புக்கொண்டால் என் மரியாதை என்ன ஆவது? "மழைத் தண்ணி வடியறதுக்கு கம்பெனிக்காரனே உட்ட ஓட்ட அது" என்றேன். சொன்ன வேகத்தில் நானே நம்பிவிட்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் முடிந்திருக்கும், எதிர்வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வராமல் இருந்திருந்தால். பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"பாகுந்தி, பாகுந்தி. நல்லாத்தான் கீது. ஆர்.சி.ல ஏத்திட்டியா?"

"எதை?"

"இதத்தான். வண்டில எக்ஸ்ட்ரா எது மாட்டுனாலும் ஆபீசுல எழுதி ஏத்தணுமாமே. இல்லன்னா ரோட்டுலயே நிறுத்தி வண்டிய எடுத்துக்கினு பூடறாங்களாம்."

உண்மையா பொய்யா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

மறுநாள் ராகு காலம் முடியட்டும் என்று ஒன்பது மணிக்கு மேல் கிளம்பினோம். மெத்தையைச் சுருட்டி நடுவில் வைத்து, பக்கத்தில் பெட்டியை வைத்து, ரெயிலில் கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தேன். நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. மகள் சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் இருந்தாள். மனைவி பின்சீட்டில் பக்கெட்டைக் கட்டிப் பிடித்திருந்தாள். ஏ.சி. வேலை செய்யாது. கண்ணாடிகளை இறக்கிவிட்டிருந்தோம்.

ஊர் தாண்டி வேகம் ஐம்பதைத் தொட்டது. பின்னால் விசில் சத்தம்.

நீளமான, கோபமான விசில். போலீஸ் விசில். ஓரம் கட்டினேன். விசில் நின்றது. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் பார்த்தால், ரோட்டில் ஒரு ஆள் இல்லை. ஒரு எருமை இருந்தது. அது என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

மறுபடி கிளம்பினேன். ஐம்பது வந்ததும் மறுபடி விசில். கவனித்துக் கேட்டேன். ஒரு விசில் இல்லை, இரண்டு. ஒன்று கொஞ்சம் மெல்லிசு, ஒன்று கொஞ்சம் தடிமன். ஆக, இரண்டு போலீஸ்!

"எவனோ ஊதிக்கினே வரான், நிறுத்துங்க" என்றாள் மனைவி.

நிறுத்தினேன். விசிலும் நின்றது. பார், நான் நிறுத்தினால் அவர்களும் ஊதுவதை நிறுத்துகிறார்கள், என்ன ஒழுங்கு! ஆனால் ஆள் மட்டும் வரவில்லை. எங்கேயோ மரத்துக்குப் பின்னால் நின்று நம்பரை எழுதுகிறார்கள், அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டிருப்பார்கள் என்று முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு முப்பதைத் தாண்டவில்லை. முப்பதில் விசில் இல்லை. என்னை ஒரு டிராக்டர் தாண்டிப் போனது. பிறகு அதன் பின்னால் வந்த இன்னொரு டிராக்டர்.

இடையில் மனசு கேட்காமல் ஒரு தடவை ஐம்பதுக்குப் போனேன். உடனே ஊதினார்கள். மூன்றாவது தடவையாக நிறுத்தினேன். பஸ் ஒன்று சர்ரென்று எங்களைக் கடந்து போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்த என் மகள் ஃபைலை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"நைனா, நானு அடுத்த பஸ்ஸுல பூடறன். நீங்க மெத்தய எடுத்துக்கினு மெதுவா வாங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னாள். கண் நிறைந்திருந்தது. மணி பத்தைத் தாண்டியிருந்தது. அவ்வளவு நாள் காத்திருந்து வந்த சீட்டு, என் பயத்தால் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"புத்தூர் வரிக்கும் வாம்மா. அங்க நின்னா பஸ்ஸு நெறய வரும்" என்றேன். புத்தூர் வந்தபோது மணி பத்தரை.

பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. புத்தூரில் எந்த டீக்கடையில் பார்த்தாலும் நாலு பேர் கையிலோ காலிலோ கட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். எலும்பு முறிந்தவர்கள் எங்கிருந்தெல்லாமோ கட்டுப் போட வரும் ஊர் அது. அங்கே பெஞ்சில், வலது கையில் முழங்கை வரை கட்டோடு, பெரிய மீசையோடு, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் காரையே பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

தகவல் வந்துவிட்டது! இனி ஓடுவதில் அர்த்தமில்லை. நானே போய் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். போலீசிடம் தெலுங்கில் பேசினால் தண்டனை குறையும் என்பது என் நம்பிக்கை.

"சார், தப்பைப் போயிந்தி சார்" என்று ஆரம்பித்தேன். தப்பு நடந்துபோச்சு சார்.

அவர் டீ கிளாசை இறக்கினார். "இன்னா தப்பு? தமிழ்லயே சொல்லு."

சொன்னேன். ரெயில் மாட்டியதை ஆர்.சி.யில் ஏற்றவில்லை என்றேன். அவர் முகம் மாறவில்லை. ஆகவே புகை சர்டிபிகேட் நாலு நாள் முன்னால் முடிந்துபோனதையும் சொன்னேன். அப்போதும் மாறவில்லை. போன சனிக்கிழமை ஸ்டேஷன் பக்கம் ஒன்வேயில் எதிர்த்து வந்தது, பைக் ஓட்டும்போது ஹெல்மெட்டை டேங்க் மேல் வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கக்கினேன். பெண்ணை மட்டும் பன்னிரண்டு மணிக்குள் விட்டுவிட்டு வருகிறேன், பிறகு வண்டியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று முடித்தேன்.

"இன்னும் எதுனா கீதா?"

"அவ்ளோதான் சார்."

அவர் மீதி டீயையும் குடித்து முடித்தார். "நானு ஆட்டோ ஓட்டறவன்பா."

பின்னால் என் மனைவி சிரித்த சிரிப்பில் பக்கெட் கீழே விழுந்தது.

"மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்றேன், எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

"நீ அவ்ளோ ஆசயா சொல்லிக்கினு வர்ற. நடுவுல எப்பிடி நிறுத்தறது? சரி, உன்ன தொரத்தன போலீசு எங்க, காட்டு."

விசில் கதையைச் சொன்னேன். எப்போது கேட்கும், எப்போது நிற்கும் என்று இரண்டே கேள்வி கேட்டார். காரைச் சுற்றி வந்தார். முன்கதவைத் திறந்து, படியில் கால் வைத்து ஏறி, ரெயிலின் முனையில் இருந்த ஓட்டையில் வாயை வைத்தார். காலி சோடா பாட்டிலில் ஊதுகிற மாதிரி ஒரு ஊது.

அதே விசில்.

"இவருதான் ஒரு போலீசு. அந்தாண்ட கீறவரு இன்னொரு போலீசு." இறங்கி என் தோளில் இடது கையைப் போட்டார். "ஏம்பா, ரெயிலு வாங்கிட்டு, கூவுதுன்னு பயந்தா எப்பிடி?"

"தண்ணி வடியற ஓட்டன்னு சொன்னாரு!" என்று என் மனைவி கடைக்கே கேட்கும்படி அறிவித்தாள். கட்டுப் போட்ட நாலு பேரும் வலியை மறந்து சிரித்தார்கள். முப்பது தறிக்கு நடுவே இழை அறுந்த சத்தத்தைக் கேட்கிற காது, தலைக்கு ஒரு முழம் மேலே ஊதியதைக் கண்டுபிடிக்கவில்லை.

அதற்குள் பஸ் வந்து நின்றது. மகள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆட்டோக்காரர் அவளைக் கூப்பிட்டார்.

"கண்ணு, அது ஊர் ஊரா நின்னு போற பஸ்ஸு. ரெண்டு நிமிசம் குடு, உங்க நைனாவே கொண்டும்போயி உடுவாரு. இன்னா படிக்கப் போற?"

"நர்சிங்."

"அப்ப நீயே வா. எனக்குக் கை வராது."

டீக்கடையில் கிடந்த பேப்பர் கப்புகளைக் கசக்கி என்னிடம் கொடுத்து, ஓட்டைகளில் திணிக்கச் சொன்னார். தன் பையிலிருந்து துணிச் சுருள் ஒன்றை எடுத்தார். அவருடைய கைக்கட்டை அவிழ்த்து மறுபடி கட்டுவதற்கு வைத்திருந்த துணி. அதை இரண்டாகக் கிழித்து மகளிடம் கொடுத்தார்.

"கீழருந்து மேல சுத்து. பாதி மேல பாதி வரணும். இன்னும் இறுக்கு, அதுக்கு வலிக்காது."

அவள் சுற்றினாள். நர்சிங் படிக்கப் போகிறவளின் முதல் கேஸ் ஒரு ரெயில். கட்டி முடித்தபோது காருக்கு முன்பக்கம் இரண்டு கையும் முறிந்த மாதிரி இருந்தது.

"உங்க கைக்குத் துணி?" என்று கேட்டேன்.

"இந்த ஊர்ல கட்டுத்துணிக்கா பஞ்சம்? கெளம்பு, மணியாவுது. நானே ஆட்டோ மேல சாமான் கட்ட ஏறித்தான் உழுந்தேன். பாத்துப் போ."

அறுபதில் போனேன். விசில் இல்லை. விசில் இல்லையென்றதும் ரெயிலே கழன்று விழுந்துவிட்டதோ என்று புதுப் பயம் வந்தது. மனைவியை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "கீது, கீது, ரோட்டப் பாரு" என்றாள். மரியாதை எல்லாம் புத்தூரிலேயே இறங்கிவிட்டிருந்தது.

திருப்பதி நெரிசலைத் தாண்டிக் கல்லூரி கேட்டுக்குள் நுழைந்தபோது பதினொன்று நாற்பத்தைந்து. நுழைந்த உடனே மறுபடியும் விசில். இந்தத் தடவை நான் பயப்படவில்லை. "ஒரு கட்டு அவுந்துபோச்சி போல" என்று சிரித்துக்கொண்டே ஓட்டினேன். விசில் விடாமல் வந்தது. கூடவே காலடிச் சத்தமும் வந்தது. நிறுத்திப் பார்த்தால் மூச்சு வாங்கிக்கொண்டு கேட் வாட்ச்மேன்.

"எந்தசேபு ஊதாலண்டி?" எவ்வளவு நேரம்தான் ஊதுவது என்று கேட்டார் பாவம். மகள் பதில் சொல்லக் காத்திருக்கவில்லை. ஃபைலோடு ஓடினாள். பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, மாடிப்படியிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நான் வாட்ச்மேனிடம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

புது மூடிகள் வாங்கி ஆறு மாதமாகிறது. கட்டை அவிழ்க்க மகள் விடவில்லை. தன் முதல் பேஷண்டாம், லீவுக்கு வந்து அவளே பார்த்துச் சொல்வாளாம். புத்தூர் வழியாகப் போகும்போதெல்லாம் அந்த டீக்கடையில் நிறுத்துகிறேன், இதுவரை அவர் கண்ணில் படவில்லை. இப்போதும் யாரோ என்னைத் துரத்துகிறார்கள் என்று தோன்றும்போதெல்லாம், பின்னால் திரும்புவதற்கு முன்னால் ஒரு தடவை என் தலைக்கு மேலே பார்த்துக்கொள்கிறேன். அங்கே அனேகமாக நானே மாட்டிய ஏதோ ஒன்றுதான் கூவிக்கொண்டிருக்கிறது.