தாக்கத்தியின் பற்கள்

திங்கட்கிழமை காலை மூதூர் லாஞ்சியில் கடல் கடந்து வந்த எங்கள் பாடசாலைக் காவலாளி, "சுபைதா ரீச்சர் மௌத்தாப் போயிட்டா. நேத்து அசர் தொழுகையோடயே அடக்கிட்டாங்க" என்றார். முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை.

சுபைதா ரீச்சருடன் படிப்பித்த உங்களுக்கு அவருடைய உரத்த சிரிப்புத் தெரியும். நான் வேலைக்கு வந்த புதிதில் அன்புவழிபுரத்தில் இருவரும் ஒரே வாடகை அறையில் இருந்தோம். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் பெற்றவள் நான். நாலு பேர் முன் பேச மட்டும் வராது. "பட்டத்த வாங்கிட்டு வாயைப் பூட்டி வெச்சிருக்கீங்களே தங்கச்சி, சாவி யாருக்கிட்ட?" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, பிடி மாற்றக் கொடுத்திருந்த நெல் அறுக்கும் தாக்கத்தியைக் கொல்லன் கம்மாலையிலிருந்து வாங்கிவந்து, குசினி வாசலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். மறுநாள் மூதூரில் அவர்கள் வீட்டு வயலில் அறுவடை. தீட்டி வைத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். துறைமுகத் தொழிலாளியின் மகளான நான் வயலில் கால் வைத்ததில்லை. தட்டைக் கல் அந்த வளைவுக்குள் படியவில்லை. அம்மிக் குழவி அச்சொட்டாகப் பொருந்தியது. அலகின் ஓரமெல்லாம் சின்னச் சின்ன வெட்டுகள். துருத் தின்ற இடங்கள் என்று எண்ணி, அவை மறையும்வரை தேய்த்தேன். அவர் அவசரத்தில் பார்க்காமலே பேப்பரில் சுற்றிக்கொண்டு லாஞ்சிக்கு ஓடினார்.

திங்கட்கிழமை இடதுகை விரலில் சீலைக் கட்டோடு வந்தார். நான் தேய்த்தவை தாக்கத்தியின் பற்கள். பல் இல்லாத அலகு நெற்றாளைப் பிடிக்காமல் வழுக்கிக் கையில் ஏறியிருக்கிறது.

"பிடி போடக் குடுத்தா பல்லையும் பிடுங்கி அனுப்பிருக்கான் அந்தக் கம்மாலைக்காரன்!" என்று வீட்டுக்கார அக்காவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க ஒண்டும் பார்க்கல்லியா தங்கச்சி?"

"இல்லை" என்றேன்.

அதன்பின் கம்மாலைத் தெருவால் நான் போகவேயில்லை.

அவர் தன் ஊருக்கே மாற்றலாகிப்போன வருடம், அறுவடை முடிந்ததும் ஒரு பை புது அரிசி அனுப்பினார். உள்ளே ஒரு கடதாசித் துண்டு: "நல்ல அரிசி, மாவிடியுங்க. சம்பல் அரைக்கிற குழவியில மட்டும் இனித் தாக்கத்தி தீட்டாதீங்க. அதில ஒட்டியிருந்த கறுப்பு இரும்புத் தூள, விரல் கட்டோட வந்த அண்டைக்கே கண்டேன். கம்மாலைக்காரனிட்ட ஒண்டும் கேக்கல்ல. விரல் எப்பவோ ஆறிட்டு."

நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்று பதில் எழுதாமல் இருந்தேன். ஒரு சனிக்கிழமை இறங்குதுறைவரை போனேன். சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடி நிற்க, லாஞ்சி போய்விட்டது. அடுத்த லாஞ்சிக்கு நான் நிற்கவில்லை.

அந்தத் துண்டு என் அலுமாரியில் இருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கக்கூடிய பதிலை, இப்போது உங்கள் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன்.

ஓம் ரீச்சர், நான்தான்.