ஏரி மேல் வண்டி ஓட்டிய சனிக்கிழமை

நான் பிறந்தது கான்சாபுரம், வாழ்க்கைப்பட்டது ராஜபாளையம். எங்கள் பக்கம் பனி என்றால் மார்கழிக் காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொள்ள வைக்கும், அவ்வளவுதான். அதனால், கனடாவில் இருக்கும் மகள் வீடியோ காலில் ஒரு வெள்ளை வெளியைக் காட்டி, "இது ஏரிம்மா. நீங்க வாரப்போ இது மேல வண்டி ஓட்டிட்டுப் போய் மீன் பிடிக்கப் போறோம்" என்றபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ராணுவத்தில் லாரி ஓட்டியவர் அவர். லடாக்கில் பனியோடு மல்லுக்கட்டியவர். "தண்ணி மேல வண்டி ஓட்டுறது புத்தியுள்ளவன் செய்ற காரியமில்ல. நீ வேணா போ. நான் கரையில நிக்கேன்" என்றார்.

பயணம் சொல்லிக்கொள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் அவள் கையில் இருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "மதினி, ஐஸ் பெட்டியில வச்ச தண்ணியே வெளிய எடுத்தா செத்த நேரத்துல உருகிப்போகுது. அது மேல போய் வண்டி நிக்குமா?" என்றாள். நானோ எப்போது அந்த வண்டியில் ஏறப்போகிறோம் என்ற நினைப்பிலேயே பெட்டி கட்டினேன்.

போய்ச் சேர்ந்து குளிர் கொஞ்சம் பழகியதும் ஒரு சனிக்கிழமை குறித்தார்கள். மருமகன் குழந்தையோடு வீட்டில் இருந்துகொண்டார். எந்த ஏரி, எந்தப் பக்கம், எப்போது திரும்புவோம் என்று மகள் அவரிடம் விவரமாகச் சொன்னாள். சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் ஆள் அனுப்ப வேண்டுமாம். அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஏரிக்கரையில் எங்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் தடித்த உடுப்பு மாட்டிவிட்டாள். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்க வைக்குமாம். தலையில் ஹெல்மெட். கழுத்தில் ஒரு கயிறு, அதன் இரண்டு முனையிலும் பிடி போட்ட ஆணி. "உள்ள விழுந்துட்டா இத ரெண்டு கையிலயும் பிடிச்சு ஐஸ்ல குத்தி, இழுத்து மேல வரணும். வந்ததும் எந்திரிச்சு நிக்கக் கூடாது. படுத்தவாக்குல உருண்டே வரணும்" என்றாள். தாலிக்குப் பக்கத்தில் இரண்டு ஆணி தொங்க, அந்த உடுப்புக்குள் நான் ஒரு பூசணிக்காய் போல நின்றேன். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

வண்டிகள் இரண்டு. நாலு கொழுத்த டயர், பைக் மாதிரி கைப்பிடி. மகள் ஐஸில் டிரில் போட்டு அதன் தடிமனைப் பார்த்தாள். ஒரு சாணுக்கு மேலேயே கெட்டியாக இருந்தது. "கருநீலமா, கண்ணாடி மாதிரி இருந்தா கெட்டி. வெள்ளையா பொருபொருன்னு இருந்தா நம்பக் கூடாது. ஒரு எடம் கெட்டியா இருக்குன்னு அடுத்த எடத்தையும் நம்பக் கூடாது" என்றவள், ஒரு கடப்பாரையை எடுத்து முன்னால் குத்திக் காட்டினாள்.

கரையில் நிற்பேன் என்றவர் அந்தக் கடப்பாரையைப் பார்த்தார். "அத இங்க குடு. உன் குத்துல பலம் இல்ல" என்று வாங்கிக்கொண்டு ஐஸில் இறங்கிவிட்டார்.

அதன்பிறகு அவர் முன்னால் குத்திக்கொண்டே நடக்க, வெகு பின்னால் நான் வண்டியில் ஊர்ந்தேன். எனக்கும் பின்னால், நல்ல இடைவெளி விட்டு மகள். பாரம் ஒரே இடத்தில் சேரக் கூடாதாம். ஆண்டாள் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போட்டு நிறுத்துகிறவர்போல அவர் கையைத் தூக்கினால் நிற்பேன், ஆட்டினால் நகர்வேன். ராஜபாளையத்தில் ஸ்கூட்டர் ஓட்டி பஸ்ஸுக்கும் மாட்டுக்கும் ஒதுங்கியே பழகியவள் நான். இங்கே ஒதுங்க ஒன்றுமே இல்லை. எம்புட்டு தூரம் பார்த்தாலும் வெள்ளை. நெஞ்சுக்குள் ஏதோ குமிழ் குமிழாக ஏறியது.

பாதி வழியில் ஏரி முழங்கியது. கல்குவாரியில் வேட்டு வைத்த மாதிரி ஒரு சத்தம், எங்கோ தொடங்கி எங்கள் காலுக்கடியில் ஓடிப்போனது. என் வீட்டுக்காரர் கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கையையும் காலையும் விரித்துக் குப்புறப் படுத்துவிட்டார். நான் பிரேக்கை அழுத்தினேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. மெதுவாக, ராட்டினம்போல ஒரு முழுச் சுற்று சுற்றி, அவர் முகத்தைப் பார்த்தபடி ஓய்ந்தது.

"அது ஐஸ் இறுகுற சத்தம்பா. குளிர் கூடுனா அப்படித்தான் கத்தும். ஒண்ணும் ஆகாது" என்று மகள் பின்னாலிருந்து கத்தினாள்.

அவர் தலையை மட்டும் தூக்கினார். "ஏட்டி, சிரிச்சது போதும். இறங்கி வந்து தூக்கி விடு."

என்னால் இறங்க முடியவில்லை. கைப்பிடி மேல் கவிழ்ந்து அப்படிச் சிரித்தேன். கடைசியில் அவரும் படுத்தபடியே சிரித்தார்.

நடு ஏரியில் துளை போட்டுத் தூண்டிலை இறக்கினோம். சின்ன வயதில் கான்சாபுரம் கண்மாயில் மண்புழு கோத்துக் கெண்டை பிடித்த கை இது. ஆனாலும் தரையில் இருக்கும் ஓட்டைக்குள் தூண்டில் விடுவது கிறுக்குத்தனமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தூண்டில் நரம்பு விண்ணென்று இழுத்தது. விரால் அளவுக்கு ஒரு மீன், பல்லைக் காட்டிக்கொண்டு மேலே வந்தது. அங்கேயே அடுப்பு பற்றவைத்து, வீட்டில் அரைத்துக் கொண்டுபோன மசாலாவைத் தடவிப் பொரித்தோம். எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த துண்டு வாய்க்குப் போவதற்குள் ஆறிப்போனது. ஆனாலும் அப்படி ஒரு ருசி.

திரும்பும்போது மகள், "அந்த நாணல் பக்கமாப் போனா கரை கிட்டத்தாம்பா" என்றாள். "பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் நகரப்பிடாது" என்று அவர் நடந்தார். ஒரு குத்து, சரி. இன்னொரு குத்து, அதுவும் சரி. மூன்றாவது குத்தில் கடப்பாரை சொருகிக்கொண்டு பாதிவரை உள்ளே போனது. கருப்பாகத் தண்ணீர் பொங்கியது.

அவர் திரும்பவில்லை, ஓடவும் இல்லை. கடப்பாரையை மெல்ல உருவிக்கொண்டு, வந்த தடத்திலேயே கால் வைத்துப் பின்வாங்கினார். எனக்கு மூச்சு வந்தது அவர் வண்டிப் பக்கம் சேர்ந்த பிறகுதான். மகள் முகம் வெளுத்திருந்தது. "அங்க ஓடைத் தண்ணி வந்து சேரும்பா. ஓட்டம் இருக்குற எடத்துல ஐஸ் கெட்டியாகாது. எனக்குத் தெரியும், மறந்துட்டேன்" என்றாள்.

"மறக்குறது சகஜம்தான். அதுக்குத்தான் கடப்பாரை" என்று அவள் தோளைத் தட்டினார்.

வந்த வழியிலேயே சுற்றிக்கொண்டு திரும்பினோம். கரைக்குக் கிட்டே, காலையில் தடிமன் பார்த்த கெட்டியான இடம் வந்ததும் அவர் என் வண்டியை மறித்தார். "இறங்கு" என்றார். எனக்குப் புரியவில்லை. "நான் செத்த ஓட்டிப் பாக்கேன்."

ஒரு சுற்று என்று போனவர்தான். வெயில் சாய்ந்தது, மகள் மணியைக் காட்டினாள், மருமகனுக்குப் போன் போட்டு நாங்கள் கரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டதைச் சொன்னாள். அவர் மட்டும் அந்த இடத்தை விட்டு விலகாமல் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். லாரி ஓட்டிய மனிதர், கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்திராத ஒரு முகத்தோடு, கடந்து போகும்போதெல்லாம் எங்களுக்குக் கையை ஆட்டினார். நாங்களும் கால் மரத்துப்போக நின்று, ஒவ்வொரு தடவையும் பதிலுக்கு ஆட்டினோம்.