வைட்டமின் மாத்திரையும் கீழ்வீட்டு ஆசையும்

டில்லி ஆர்.கே.புரம் கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸில் எங்களுக்குக் கீழ்வீடு. அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் என் ஆபீஸ் செக்‌ஷன்காரர் மனைவியோடு இருந்தார். அந்த அம்மாவுக்கு மூட்டுவலி. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. எங்கள் வீட்டின்மேல் அவர்களுக்கு எப்போதும் ஒரு கண்.

எனக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும், அத்தனை செல்லையும் கொன்றுபோடச் சொன்னேன் டாக்டரிடம். அவர் சிரித்தார். என் வெள்ளணுக்கள் முதிராமல் பாதியிலேயே நின்று பெருகுகின்றனவாம். இந்த வகைக்கு அவற்றை வளர வைக்க வேண்டுமாம். முழுதாக வளர்ந்தால் பெருகுவதை விட்டு, ஆயுள் முடிந்து தாமே சாகும். அதற்கு வைட்டமின் ஏ வகையில் ஒரு மாத்திரை, கூடவே ஆர்சனிக் ஊசி. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. என்னைத் தின்ன வந்ததை வளர்த்துவிடுவதா?

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம் மூன்றாம் மாடிக்காரர்கள் இருவரும் ஹார்லிக்ஸோடு பார்க்க வந்தார்கள். என் மனைவி மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள். நான் உள்ளறையில் தூங்குவதாக நினைத்துக்கொண்டார்கள்.

"முடிகூடக் கொட்டல பாரு. வெறும் வைட்டமின் குடுத்து அனுப்பியிருக்கான்னா கைய விரிச்சுட்டான்னு அர்த்தம்" என்றார் அவர்.

கதவிடுக்கில் பார்த்தேன். அந்த அம்மா ஜன்னலைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள். "கர்ட்டனுக்கு மூணு மீட்டர் போதுங்க."

அடப்பாவிகளா! செத்துத் தொலைக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பெண்டாட்டி பிள்ளைக்காக என்று சொன்னால் அது பொய். தலை பிளந்தது, உதடு வெடித்தது. ஒரு வேளைகூட மாத்திரை தவறவில்லை. கடைசியில் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் ஒரு கெட்ட செல்கூட இல்லை.

ஆபீசுக்குத் திரும்பிய முதல் வாரமே அவர் வீடு மாற்றும் படிவத்தோடு என் கையெழுத்துக்கு வந்தார். "ஒடம்புதான் தேறிடுச்சே சார், வீட்ட மாத்திக்கலாமா? இவளால ஏறவே முடியல."

"அச்சா, பாக்கலாம்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். மாதக்கணக்கில் அலையவிட்டேன். சத்தியமாகச் சுகமாக இருந்தது.

ஒரு நாள் மலை மந்திர் முருகன் கோயில் பஞ்சாமிர்தத்தோடு மூன்று மாடியும் நிற்காமல் ஏறினேன். ஏறிக் காட்டத்தான் போனேன். அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"இன்னும் ஒம்பது வருஷம் சர்வீஸ் இருக்கும்மா. அதுவரைக்கும் கீழ்வீடுதான்."

அவள் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க பொழைச்சதே போதும்ணா. உங்களுக்காக அந்த மலைக்கோயில் படி ஏறி வெள்ளிக்கிழமை தவறாம வேண்டிக்கிட்டேன்."

அந்த முழங்காலோடு ஏறியிருப்பாளா? ஏறியிருக்கலாம். நான் கையெழுத்துப் போடவில்லை.